நாய்ப் பூங்கா எந்த இடத்தில்? – குன்னூர்க் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்பு மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குடிநீர் முறை, மழைநீர்க் கால்வாய் தூர்வாரல் பற்றிய விவரங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன. அவற்றில் நமக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆண்டு முழுவதும் கூட்டத்துக்குக் கூட்டம் நம்மை இரண்டாக்கியது ஒரே விஷயம்தான்: நகராட்சியிடம் கேட்கப்போகும் நாய்ப் பூங்கா, அதாவது வளர்ப்பு நாய்களை அவிழ்த்துவிட வேலி போட்ட இடம், எங்கே அமைய வேண்டும் என்பது. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே.

பூங்கா தேவை என்பதில் பலரும் உடன்படுகிறார்கள். நம் சாலைகளில் நடைபாதை கிடையாது, வளைவுக்கு வளைவு வண்டி. நாயை அவிழ்த்துவிட வேண்டுமென்றால் தேயிலைத் தோட்டத்துக்குள்தான் போகிறார்கள். அங்கே சிறுத்தையும் கரடியும் காட்டெருமையும் இருக்கின்றன. கன்றோடு நிற்கும் காட்டெருமையை நாய் துரத்தினால், அது திரும்பி ஓடிவருவது தன்னை வளர்ப்பவரிடம்தான். பின்னாலேயே காட்டெருமையும் வரும். வீட்டிலேயே கட்டிப்போட்டால் நாள் முழுக்கக் குரைப்பு, பக்கத்து வீட்டாருடன் மனத்தாங்கல்.

இடம் என்று வந்தபோது முதலில் எல்லோர் கண்ணிலும் பட்டது ஓடையோரச் சமதளம். ஒரு ஏக்கருக்குக் குறையாது, பச்சைப் புல், வேலி போட்டால் போதும் என்று தோன்றும். இந்த மலையில் யாரும் வெட்டிச் சமப்படுத்தாமல் இயற்கையாகவே சமமாகக் கிடக்கும் நிலம் பெரும்பாலும் சதுப்புதான். அங்கே ஒரு கடப்பாரையை இறக்கிப் பார்த்தாலே தெரியும்: ஓரடிக்குக் கீழே கறுப்பு மண், பிடுங்கிய குழியில் உடனே தண்ணீர் ஊறும். வடகிழக்குப் பருவமழை நமக்குத்தான் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதை அந்தச் சதுப்பு உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிப்ரவரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. அதன் கீழே லைன் வீடுகளுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, குழாய் எடுக்கிறார்கள். தினமும் முப்பது நாற்பது நாய்கள் மிதித்தால் புல் வேர் அறுந்து சேறாகும். மண் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு, நீர் போகும் வழியை மறிப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

நோய்ப் பக்கமும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பிழைத்திருக்கும். நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். நாய்க் கழிவில் வரும் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் கிடக்கும். நாய்களுக்குக் கடும் வாந்தி பேதி தரும் பார்வோ வைரஸ் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அழியாது. பிளீச்சிங் தெளித்தாலும் சிமென்ட் தரையில்தான் பலன். புல்லிலும் சேற்றிலும் அது வேலை செய்யாது. காலையில் பத்து மணிவரை மூடுபனி விலகாத அந்தப் பள்ளம், நாய்களைக் கூட்டிவைக்க மிக மோசமான இடம். அங்கே வேண்டாம் என்று நான் கூட்டத்தில் சொன்னேன்; இங்கும் அதையே எழுதுகிறேன்.

இரண்டாவது யோசனை, பள்ளி விளையாட்டு மைதானத்தின் ஓரம். வெறுங்காலோடு பந்தாடும் பிள்ளைகள், மண்ணிலேயே உட்காரும் சிறுவர்கள். கொக்கிப்புழு தோல் வழியாகவே உள்ளே போகும் என்பதால் இதை மேலும் பேசத் தேவையில்லை. சிம்ஸ் பூங்காவில் ஒரு மூலை கேட்கலாம் என்ற பேச்சும் வந்தது. 1874-இல் தொடங்கிய அந்தப் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. அரிய மரங்களின் வேர்ப்பகுதியை நாய்கள் தோண்டும் இடமாக்கக் கேட்பது முறையல்ல.

மூன்றாவது, கவாத்து (செடியை வெட்டிவிடும் வேலை) நின்றுபோன தேயிலைச் சரிவு. வீடுகளிலிருந்து தள்ளி இருப்பதால் குரைப்புத் தொல்லை இராது என்று மேல் சாலைக்காரர்கள் விரும்பினார்கள். லைன் வீட்டுக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உண்ணிச்செடி மண்டிய அந்தச் சரிவு சிறுத்தை வந்துபோகும் வழி. நாய் வாசமும் குரைப்பும் சிறுத்தையை இழுக்கும். மாலையில் பூங்காவைப் பூட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம், வாசலில் கட்டிய நாயைத் தேடி அது லைனுக்குத்தான் இறங்கும். வளர்ந்த ஆண் காட்டெருமை 700 கிலோவுக்கு மேல் இருக்கும். வலைக்கம்பி அதற்குத் தடையே அல்ல. நாய்களின் டிஸ்டெம்பர் நோய் செந்நாய் போன்ற காட்டு விலங்குகளுக்கும் தொற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வந்த யோசனைதான் சரி என்பது என் கருத்து: நகராட்சிச் சாலையை ஒட்டிய, பயன்பாட்டில் இல்லாத பழைய நாற்றங்கால் படித்தளம். 30 சென்ட்தான், ஏறக்குறைய 130 அடிக்கு 100 அடி. சிறியது என்ற குறை உண்மை. ஆனால் கிழக்கு வெயில் காலையிலேயே விழும், தரை சீக்கிரம் காயும், ஏற்கெனவே வெட்டிச் சமப்படுத்திய நிலம் என்பதால் புதிதாகப் பொக்லைன் வேலை வேண்டாம், மரம் எதையும் தொட வேண்டாம். மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தச் சிக்கலும் இங்கே இல்லை.

அளவுகள் இப்படி: நீளவாட்டில் 95 அடி பெரிய நாய்களுக்கு, 35 அடி பத்து கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கு. சுற்றுவேலி 460 அடி, நடுவேலி 100 அடி. எட்டடிக்கு ஒரு தூண் என்றால் சுமார் 70 தூண்கள். ஏழடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் இரண்டடி கான்கிரீட்டுக்குள், ஐந்தடி மேலே. சாதா இரும்பு நம் பனியில் சீக்கிரம் அடியில் துருப்பிடித்து ஒடிந்துவிடும். வலை ஆறடி அகலம் வாங்கி, ஐந்தடி நிமிர்த்தி, கீழ் ஓரடியை உட்பக்கமாக மடித்துத் தரையோடு முளையடிக்க வேண்டும். நாய் வேலியை ஒட்டியேதான் தோண்டும். காலடியில் வலை தட்டுப்பட்டால் விட்டுவிடும். கருங்கல் தடுப்புச்சுவரின் விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளித்தான் தூண் நட வேண்டும். சுவரின் நீர்க்கசிவுத் துளைகளில் சிமென்ட் இறங்கி அடைத்தால் அடுத்த மழைக்குச் சுவர் வயிறு தள்ளும்.

நுழைவுக்கு இரட்டைக் கதவு கட்டாயம். இரண்டுக்கும் நடுவே ஆறடிக்கு ஆறடி இடம். நாயின் கயிற்றை அங்கேதான் அவிழ்க்க வேண்டும். இரண்டும் உட்பக்கம் திறக்கும்படி, ஸ்பிரிங் வைத்துத் தானே சாத்திக்கொள்ளும்படி இருக்கட்டும். நாய் உள்ளிருந்து முட்டினால் கதவு இறுகும். வாசலை மூலையில் வைக்கக் கூடாது. புதிதாக வரும் நாயை மற்றவை மூலையில் மடக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது. புல் முதலில் போவதும் வாசலில்தான் என்பதால் அங்கே பத்தடிக்குச் சிறு உருண்டைக் கல் பரப்பலாம். உடைத்த ஜல்லி பாதத்தைக் கிழிக்கும், மரத்தூள் மழையில் அழுகிப் பூஞ்சை பிடிக்கும். மேல்புறம் ஒரு கால்வாய் வெட்டி மழைநீரைப் பூங்காவுக்குள் விடாமல் சாலைக் கால்வாயில் சேர்க்க வேண்டும்.

கழிவு எடுக்கப் பிளாஸ்டிக் உறை கிடையாது, நம் மாவட்டத்தில் தடை. பழைய செய்தித்தாளும் கைப்பிடி முறமும் போதும். கொண்டி போட்ட மூடியுள்ள தொட்டி வேண்டும், இல்லையேல் குரங்கு இறைத்துவிடும். இந்தக் கழிவைக் காய்கறித் தோட்ட உரத்தில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

நேரம் காலை 8 முதல் மாலை 5 வரை மட்டும். அந்திக்குப் பின் விளக்குப் போட்டுத் திறந்துவைக்கலாம் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. நாலு மாதம் நிறையாத குட்டி, பருவத்தில் உள்ள பெட்டை, தடுப்பூசி அட்டை இல்லாத நாய் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. தீனியும் பந்தும் உள்ளே வேண்டாம், அவற்றுக்காகவே கடித்துக்கொள்ளும். ஒருவருக்கு இரண்டு நாய்க்கு மேல் இல்லை. சண்டை வந்தால் நடுவில் கை நீட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் வெறிநோய்த் தடுப்பூசியோடு, காயத்தில் செலுத்தும் எதிர்ப்புப் புரத மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவை. தோலில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். 1907-இல் வெறிநோய்க்காகவே பாஸ்டியர் நிலையம் எழுந்த ஊர் இது. இங்கே ஒருவர்கூட ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

தெருநாய்களைக் கவனிக்காமல் வீட்டு நாய்க்குப் பூங்காவா என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் தர வேண்டும். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. உணவிடும் இடத்தைக் குறித்துக் கொடுப்பது நம்மைப் போன்ற சங்கங்களின் பொறுப்பு. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் வாசலுக்கும் தள்ளி அந்த இடம் இருக்க வேண்டும். நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் அடங்கும். பூங்காவுக்காக அந்தப் பணியின் நிதியில் ஒரு ரூபாய்கூடத் திருப்பக் கூடாது என்பதை நம் மனுவிலேயே எழுத வேண்டும்.

இதன்படி, படித்தளத்தை அளந்து வரைபடம் தர நகராட்சியைக் கேட்பது, ஓடையோரச் சதுப்பை எந்தக் கட்டுமானத்துக்கும் தர வேண்டாம் என்று தனி மனு கொடுப்பது, வார்டில் உணவிடும் இடங்களை லைன் வீட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு குறிப்பது ஆகிய மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். முதல் தீர்மானம் நிறைவேறினால், வேலி வேலையை மழை ஓய்ந்த ஜனவரியில் தொடங்கி மார்ச்சுக்குள் முடிப்பது நல்லது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.