சேமக்காலைகளில் களைநாசினி வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

நவம்பர் 2ஆம் திகதி வரும் இறந்தோர் நினைவுநாளுக்கு இன்னும் மூன்று கிழமைகளே இருக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கிறிஸ்தவர்களை அடக்கம் செய்யும் சேமக்காலைகளில் துப்புரவு வேலை இனித் தொடங்கிவிடும். அந்த வேலை அண்மைக் காலத்தில் நடைபெறும் விதம் பற்றியே இக்கடிதம்.

முன்பு ஒவ்வொரு குடும்பமும் கத்தியும் மண்வெட்டியுமாக வந்து, தத்தம் கல்லறையைச் சுற்றிப் புல்லைச் செருக்கி, வெள்ளையடித்துவிட்டுப் போகும். மதிலோரத்துப் பற்றைகளை யாரும் தொட்டதில்லை. கிளைபோசேட் களைநாசினிக்கு 2015இல் விதிக்கப்பட்ட தடை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ச் சேமக்காலையில் கத்தியின் இடத்தைத் தெளிகருவி பிடித்துக்கொண்டது. சென்ற வருடம் நினைவுநாளுக்கு முதற்கிழமை என் தாயாரின் கல்லறைக்குப் போனபோது, மதிலுக்கு மதில் எல்லாம் வைக்கோல் நிறத்தில் கருகிக் கிடந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்ததென்று அங்கு நின்றவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு மகிழ முடியவில்லை.

எழுவான்கரை என்பது வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலம். அதில் வீடும் கடையும் வீதியும் போக, உழாமலும் கட்டாமலும் தலைமுறை தலைமுறையாக விடப்பட்ட மண் என்று தேடினால், சேமக்காலையும் முஸ்லிம்களின் மையவாடியும் இந்து மயானமும் கோவில் வளவுகளுமே பெரும்பாலும் எஞ்சும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காடு இருக்கிறதே என்பார்கள். கடற்கரை மணலுக்குரிய செடியை அந்தக் காட்டில் போய்த் தேட முடியாது. மட்டக்களப்பு நகரத்து மயானமொன்று கள்ளியங்காடு என்று செடியின் பெயரையே தாங்கி நிற்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் சேமக்காலையில் நான் கண்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். முசுட்டைக் கொடியைக் கண்டால் நம்மவர் விடமாட்டார்கள், உடனே ஆய்ந்து வறைக்கு எடுத்துப் போவார்கள். ஆனால் சேமக்காலை முசுட்டையில் எவரும் கைவைப்பதில்லை, அதனாலேயே அது அங்கு மதில் முழுவதும் படர்ந்திருந்தது. எருக்கலை இலைகளில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டிகளுடன் ஒரு புழு மேயும். அது உண்ணும் எருக்கம்பாலின் நஞ்சே அதற்கும், பின்னர் அது ஆகும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்கும் காவல். 1978 நவம்பர் சூறாவளியில் சரிந்து விழுந்தும் சாகாமல் பக்கவாட்டில் தளிர்த்த பூவரசு ஒன்றும் நிற்கிறது. எல்லாம் இந்த மண்ணுக்கே உரியவை என்று நான் சொல்லவரவில்லை. பட்டிப்பூ மடகாஸ்கரிலிருந்தும் ஈழத்தலரி அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் வந்தவை. உண்ணிச்செடியும் கினிப்புல்லும் கூட அந்நியமே; அவற்றை வேரோடு பிடுங்கினால் நான் நன்றி சொல்வேன்.

நான் மிகவும் வருந்துவது கார்த்திகைப்பூக் கொடிக்காக. கோடை முழுவதும் அதன் கிழங்கு மணலுக்குள் உறங்கும். ஒக்டோபர் மழை இரண்டு விழுந்ததும் முளை கிளம்பும். ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு ஏறும். தாயாரின் கல்லறைக்கு அடுத்திருந்த பழைய சிலுவையொன்றில் அது அப்படித்தான் ஆண்டுதோறும் ஏறி, மஞ்சளாக விரிந்து சில நாட்களில் சிவப்பாக மாறும் பூக்களைத் தாங்கி நின்றது. மருந்து அடிக்கப்படுவது சரியாக அந்த இளங்கொடிப் பருவத்தில். இலை வழியாக உள்ளே போகும் நஞ்சு கிழங்குவரை இறங்குவதால், அடுத்த வருடம் முளைப்பதற்கும் எதுவும் மிஞ்சாது. கத்தியால் வெட்டினால் கிழங்காவது தப்பும்.

பாம்புக்கும் டெங்குவுக்கும் அஞ்சியே மருந்து அடிப்பதாகச் சொல்கிறார்கள். அச்சம் நியாயமானது; நானும் அங்கே புடையனைக் கண்டவன்தான். ஆனால் பாம்பு வருவது எலியைத் தேடி. எங்கள் மணிக்கோபுரத்தின் கீழே கூகை கக்கிய சாம்பல்நிற உருண்டையொன்றை ஒருமுறை குச்சியால் பிரித்துப் பார்த்தேன். மயிருக்குள்ளே எலி மண்டையோடுகள் மூன்று பல்லோடு முழுசாக இருந்தன. சாக்குருவி என்று அந்தப் பறவைக்குக் கல்லெறிந்துவிட்டுப் பாம்புக்கு அஞ்சுவதில் என்ன பொருள் இருக்கிறது? டெங்கு நுளம்போ தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுவது. கல்லறைகளில் நாம் வைத்துவிட்டு வரும் பூச்சாடிகளும் பிளாஸ்டிக் குவளைகளும் மெழுகுதிரி ஏற்றிய தகரப் பேணிகளும் நவம்பர் மழையில் நிரம்பினால், ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். கவிழ்க்க வேண்டியது அவற்றை.

மண்ணைப் பிடித்துவைத்திருந்த வேர்கள் செத்த பிறகு விழும் மாரி மழையில், சீமெந்து பூசாத ஏழைகளின் மண்கல்லறைகள் கரைந்து போனதையும் சென்ற டிசம்பரில் கண்டேன். இரண்டு குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் இடத்தை அடையாளம் காண முடியாமல் அலைந்தன.

எனவே தேவாலயங்களின் பங்குச் சபைகளிடமும் பொது மயானங்களைப் பராமரிக்கும் பிரதேச சபைகளிடமும் நான் கேட்பது இதுதான்: நடைபாதையையும் கல்லறைகளைச் சுற்றி ஒரு முழத்தையும் கத்தியால் துப்புரவு செய்யுங்கள், மதிலோரத்தையும் வெற்றிடங்களையும் விதை விழுந்து முடியும் தை மாதம் வரை விட்டுவையுங்கள். கல்லறைக் கட்டில் வேர்விடும் ஆலங்கன்றை மட்டும் கண்டவுடன் பிடுங்கலாம், அது கல்லைப் பிளந்துவிடும். நம் முஸ்லிம் சகோதரர் பலர் அடக்கிய இடத்தில் நடும் மீசான் கட்டைக்கு அருகே பச்சைக் கொப்பு ஊன்றிவிட்டு வருகிறார்கள். கல்லறையருகே பச்சை நிற்பது அவர்களுக்கு ஆறுதல். நமக்கு மட்டும் அது ஏன் அசிங்கமாகத் தெரிகிறதோ, அறியேன்.

எங்கள் குடும்பக் கல்லறையைச் சூழ்ந்த துண்டை இவ்வருடம் நானே வெட்டித் தருகிறேன் என்று பங்குச் சபையிடம் கேட்டிருந்தேன். தெளிகருவி அந்தப் பக்கம் வராதபடி கயிறு கட்டிக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார்கள். சிலுவையடியில் முளை ஏதும் தெரிகிறதா என்று நாளைக் காலை போய்ப் பார்க்க வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.