எம்.ஜி.பி.க்கு சைலென்சர் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.க்கு என்று நீ அனுப்பிய மூன்று எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) செட்டுகளின் வீடியோவையும் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். மூன்றாவதில் உன் மனசு போய்விட்டது என்று நீ சொல்லாமலே தெரிகிறது. அதை வாங்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வீடியோவில் என்ன நடக்கிறது என்று பார். நிறுத்திவைத்த காருக்குப் பின்னால் மைக்கை வைத்துவிட்டு ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். பத்து விநாடிக்குக் காதுக்கு விருந்துதான். ஆனால் நீ கேட்கப்போவது அங்கே நின்று இல்லையே. உள்ளே உட்கார்ந்து, கூரையை மூடிக்கொண்டு, நெடும்பயணம் போகும் நாளில் ஒரே வேகத்தில், மணிக்கணக்காகக் கேட்கப்போகிறாய். ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத எம்.ஜி.பி. நாலாவது கியரில் மணிக்கு 85 கிலோமீட்டர் ஓடும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்றில் இருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜினில் அது விநாடிக்கு 100 வெடிப்பு. அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம் தரைத் தகட்டில் ஏறி, சின்ன கேபினுக்குள் மாட்டிக்கொண்டு சுற்றும். முதல் நாள் பரவசமாக இருக்கும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவதை நிறுத்திவிடுவார்.

மூன்றாவது செட்டில் ஒரே சைலென்சர் பெட்டிதான் இருக்கிறது, கவனித்தாயா? உள்ளே துளை போட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார், அவ்வளவுதான். கீச்சென்ற ஒலியை நார் நன்றாக விழுங்கும். அடித்தொண்டை முழக்கத்தை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நாளாக ஆக நாரும் கருகி உதிரும், சத்தம் இன்னும் கூடும். நிறுவனம் கொடுத்த அமைப்பில் நடுவில் ஒரு பெட்டியும் பின்னால் ஒரு பெட்டியும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நடுப்பெட்டியை மட்டும் விட்டுவிடாதே. பின்பெட்டி வேண்டுமானால் நேர்க்குழாய் வகையாக இருக்கட்டும், கொஞ்சம் குரல் வரட்டும். ஸ்போர்ட்ஸ் கார் ஊமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அடுத்தது, அந்த விற்பனையாளர் உன் தலையில் கட்டப் பார்க்கும் குழாய் மேனிஃபோல்டு. இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் கீழே இறக்குவதுதான் மேனிஃபோல்டு; உன்னுடையது வார்ப்பிரும்பு, அவர் விற்பது வளைத்த குழாய்களால் ஆனது. "பழைய வார்ப்பிரும்பைக் கழற்றிப் போடுங்க, பவர் பறக்கும்" என்கிறாராம். வேறு சில கார்களுக்கு அது சரியாக இருக்கலாம். உன் இன்ஜினின் தலைப்பகுதியை (சிலிண்டர் ஹெட்) ஒரு முறை உற்றுப் பார். நாலு சிலிண்டருக்கு மூன்றே புகை வாசல்கள். நடு வாசலை 2-வது, 3-வது சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெடிப்பு வரிசை 1-3-4-2. அதாவது ஒரே வாசலைப் பயன்படுத்தும் இரண்டும் அடுத்தடுத்து வெடிப்பதே இல்லை. இரண்டுக்கும் நடுவே இன்ஜின் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. ஓரத்து 1-க்கும் 4-க்கும் இதே கதைதான். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு நடு வாசலை ஒரு குழாயிலும் ஓரத்து இரண்டையும் இன்னொரு குழாயிலும் கீழே இறக்கி, அங்கே ஒன்றாகச் சேர்க்கிறது. ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் புகையோடு மோதாமல் பிரித்து இறக்குவதுதானே குழாய் மேனிஃபோல்டின் வேலை? காசு கொடுத்து வாங்கச் சொல்லும் அந்தச் சங்கதி ஏற்கெனவே காரிலேயே இருக்கிறது! ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பெரிய கார்புரேட்டர் என்று போனால் வேறு விஷயம். இந்த 1798 சி.சி. இன்ஜின் இப்போது இருக்கும் நிலையில் நீ உணரும்படி வித்தியாசம் வராது.

நஷ்டம் மட்டும் உறுதி. இந்தக் காரில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டும் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. மெல்லிய குழாய்கள் வெப்பத்தை வெளியே வீசும். நெரிசலில் நின்று நின்று போனால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, ஐடிலிங் தடுமாறும். அதற்குக் குழாயில் வெப்பம் தாங்கும் துணி சுற்றலாம் என்பார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை அரிக்கும். கனமான வார்ப்பிரும்பு சத்தத்தையும் கொஞ்சம் அமுக்கும். தொடாமல் விடு.

குழாய் விட்டத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறாய். பெரிதாக்கினால் நல்லது என்பது பாதி உண்மை. குழாய் அகலமானால் வாயுவின் வேகம் குறையும். தாழ்ந்த சுற்றுகளில் இழுவை போகும். பின்னால் போகப் போக வாயு குளிர்ந்து சுருங்குவதால், வால்முனையில் பெரிய குழாய் வைப்பது அழகுக்குத்தான்.

உலோகத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நெடும்பயணம் இல்லாத காலத்தில் நீ வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்துத் தெரு வரை ஓட்டிவிட்டு மூடிவைக்கும் ஆள். பெட்டி சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுவாய். தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே ஓட்டை விழும். அதனால் உனக்குச் சாதாரண இரும்பு வேண்டாம், ஸ்டெயின்லெஸ்தான் சரி. அதிலும் எந்த ரகம் என்று கேள். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 409-ல் குரோமியம் 11 சதவீதம்தான். மேலே பழுப்புத் துரு பிடிக்கும். சந்தேகம் இருந்தால் காந்தம் வைத்துப் பார்: 409-ல் நன்றாக ஒட்டும், 304-ன் நேரான பகுதியில் ஒட்டாது. ஒன்று, 304 சூட்டில் அதிகம் நீளும். தொங்கவிடும் ரப்பர்களுக்கு அசைய இடம் இல்லையென்றால் எங்காவது விரிசல் விடும்.

மாட்டும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நில். எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாகவே மாட்டச் சொல். பிறகு முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்கட்டும். ஹேண்ட்பிரேக் கேபிளுக்கும் தரைத் தகட்டுக்கும் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். யு-போல்ட் கிளாம்ப் குழாயை நசுக்கிவிடும், அடுத்த முறை கழற்ற ரம்பம்தான் தேவைப்படும். பட்டை கிளாம்ப் வாங்கிக்கொள். ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, ஆறிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். புகை சுலபமாகப் போகும்போது கலவை மெலியலாம், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போகலாம்; அதைக் காட்டும் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் பார்க்கச் சொல்.

பணம் கட்டுவதற்கு முன்னால், மேனிஃபோல்டின் அடியில் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் ஸ்டட்களை (நட் மாட்டும் மரையாணிகளை) படம் எடுத்து அனுப்பு. துருவில் இறுகிப்போயிருந்தால் உடையாமல் கழற்றுவதே தனி வேலை. அப்படியென்றால் புது ஸ்டட், பித்தளை நட், கேஸ்கெட் மூன்றையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்