பம்பர்ல வெல்டிங் வெக்காதே அண்ணா

வின்னிபெக்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதமும் அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியும் போன வாரமே வந்து சேர்ந்துச்சு. தீபாவளிக்கே எழுதுறேன்னு சொல்லிட்டு இத்தனை நாள் இழுத்துட்டேன். அம்மா திட்டியிருப்பாங்க, திட்டட்டும். இங்க எல்லாரும் சௌக்கியம். இட்லி மாவு இந்தக் குளிர்ல பொங்காதுன்னு அண்ணி கவலைப்பட்டாங்களாமே. ஓவனுக்குள்ள மாவுப் பாத்திரத்தை வெச்சு லைட்டை மட்டும் போட்டு விட்டா, அந்த பல்பு சூட்டுலயே காலையில பொங்கி நிக்குதுன்னு சொல்லு.

முதல்ல நீ கேட்ட விஷயம். ஒயிட்ஃபீல்டு சார் வண்டிக்கு டிரெய்லர் இழுக்கிற ஹிட்ச் பூட்ட, நீ கடிதத்துக்குப் பின்னாடி போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். பம்பருக்குப் பின்னாடி ஆங்கிள் வெச்சு வெல்டிங், அது மேல டிரெய்லர் மாட்டுற உருண்டை. வேண்டாம் அண்ணா. பம்பர்ங்கிறது இடிச்சா நசுங்கணும்னே செஞ்ச தகடு, இழுக்கிறதுக்குச் செஞ்சது இல்லை. டிரெய்லர் வண்டியைப் பின்னாடி இழுக்கிறதோட நிக்காது. பிரேக் போட்டா முன்னாடி தள்ளும், பள்ளத்துல விழுந்தா மேலயும் கீழயும் குத்தும். அந்த அடி முழுக்க சேசிஸுக்குப் போயாகணும். அவர் வண்டி எதுன்னு நீ எழுதலை. ஸ்கார்ப்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர் மாதிரி சேசிஸ் வண்டின்னா கஷ்டம் இல்லை. கிரெட்டா மாதிரி பாடியும் சேசிஸும் ஒண்ணா இருக்கிற வண்டின்னா, டிக்கிக்கு அடியில ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி மடிச்ச ரெயில் ஓடுது பாரு, பூட்ட வேண்டிய இடம் அதுதான். அதுலயும் வெல்டிங் கூடாது. இப்ப வர்ற தகடு உயர்ரக ஸ்டீல், சூடு பட்டா பலம் போயிடும். உள்பக்கத் துத்தநாகப் பூச்சும் கருகி, அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். பக்கத்துலயே பெட்ரோல் டேங்க் வேற.

இன்னொண்ணு. 2017 டிசம்பர்ல முன்பக்க கிராஷ் கார்டு கூடாதுன்னு உத்தரவு வந்தப்போ நம்ம ஷெட்டுல எத்தனை கார்டைக் கழட்டிக் குவிச்சோம், ஞாபகம் இருக்கா? கம்பெனி செஞ்ச மாதிரியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்கிற அதே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆவது பிரிவுதான் இதுக்கும் வந்து நிக்கும். கம்பெனியே அந்த மாடலுக்கு ஹிட்ச் விக்குதான்னு முதல்ல கேளு. ஆர்டிஓவுல அவரையே கேட்டு எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. அதுக்கப்புறம் கை வை.

நான் என் வண்டிக்குப் போன மாசம் நானே பூட்டினேன். கடையில கேட்ட கூலிக்கு இன்னொரு ஹிட்ச்சே வாங்கலாம், அதான். சனி ஞாயிறு சும்மாதானே இருக்கேன், நாலு பேருக்கு வீட்டுச் சாமான் ஏத்தி இறக்கிக் கொடுக்கலாம்னு ஒரு சின்ன டிரெய்லரும் பழசா வாங்கிப் போட்டிருக்கேன். பொழுது போகணுமே.

இங்க ஹிட்ச் வண்டி மாடலுக்குன்னே வளைச்சு, ஓட்டை போட்டு வருது. இழுக்கிற பாரத்தைப் பொறுத்து கிளாஸ் பிரிச்சிருக்கான். கிளாஸ் 1, 2-க்கு உருண்டைக் கட்டையைச் செருகுற குழாய் ஒண்ணேகால் இன்ச் சதுரம். கிளாஸ் 3-க்கு 2 இன்ச், குறுக்கே 5/8 இன்ச் பின். ஹிட்ச் மேல ஒட்டின ஸ்டிக்கர்ல 5,000 பவுண்டுன்னு இருக்கும், அதை நம்பி ஏத்திடக் கூடாது. வண்டி புத்தகத்துல எனக்கு 3,500 பவுண்டுதான், சுமார் 1,590 கிலோ. வண்டி, ஹிட்ச், உருண்டை, இந்த மூணுல எது கம்மியோ அதுதான் கணக்கு. (இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி 'பால்'னு எழுதினா அண்ணி பால்காரர் கணக்குன்னு நினைச்சுக்குவாங்க, அதனால உருண்டைன்னே எழுதுறேன்.)

வேலையில பாதி நேரம் மரையிலதான் போகும். ரெயில்ல கம்பெனியிலயே பத்த வெச்ச நட்டு உள்ள இருக்கும், ரப்பர் மூடியைக் கழட்டினா தெரியும். இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுறான், அதனால நட்டு முழுக்கத் துரு. அங்க மழையும் சேறும் அதே வேலையைப் பண்ணியிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு ஆயில் அடிச்சு ஊற விடணும். காலையில குழாய் பிரஷ்ஷால உள்ள தேய்க்கணும். அப்புறமும் எடுத்தவுடனே மரை வெட்டுற டேப்பை விடாதே, டேப் நல்ல மரையையும் சேர்த்து அறுத்துடும். அப்பா பண்ணுவாரே, அதே சைஸ் போல்ட்டு ஒண்ணை வைஸ்ல பிடிச்சு, நுனியிலிருந்து ஒரு இன்ச் நீளத்துக்கு மரைக்குக் குறுக்கே ஹேக்ஸால எதிரெதிரா ரெண்டு காடி அறுத்து, நுனியை லேசா அரம் போட்டு, அதையே முன்னும் பின்னும் திருகித் துருவை வாரிக்கிட்டு வருவாரு. அரை சுத்து உள்ள, கால் சுத்து வெளிய. காடியில செம்மண் மாதிரி துரு நிரம்பி வரும், அதைத் துணியில தட்டிட்டு மறுபடியும். அதேதான் பண்ணினேன். அவர் அந்த போல்ட்டை மண்ணெண்ணெய்ல முக்கி முக்கி எடுப்பாரு. இங்க ஆயில் டப்பாவுல ஏதோ ஆரஞ்சுப் பழ வாசனை போட்டிருக்கான் அண்ணா. மண்ணெண்ணெய் வாசனை இல்லாம ஷெட்டு வேலைன்னே தோணலை. வண்டிக்கு அடியில படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்துட்டேன்.

சரி, அதை விடு. பிட்ச், அதான் மரைக்கு மரை இருக்கிற இடைவெளி, அதைப் பார்த்துக்கோ. என் வண்டியில 12 எம்எம் போல்ட்டு, 1.25 பிட்ச். கடையில சும்மா 12 எம்எம்னு கேட்டா 1.75 பிட்ச்சைத்தான் எடுத்துக் கொடுப்பான். ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் பிடிக்கும், ஸ்பேனர் போட்டு இழுத்தா மரை போச்சு. உள்ள பத்த வெச்ச நட்டு கழண்டுச்சுன்னா ரெயிலையே அறுத்தாகணும். கையால ஏழெட்டுச் சுத்து லேசா ஏறாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடவே கூடாது.

சைலன்சரை இறக்கித்தான் ஹிட்ச்சை உள்ள நுழைக்க முடியும். சைலன்சர் ரப்பருக்குச் சோப்புத் தண்ணி விட்டு உருவு. இங்க குளிர்ல ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுது, நான் கெட்டில்ல வெந்நீர் கொதிக்க வெச்சு ஊத்தினேன். சைலன்சரை அப்படியே தொங்க விட்டுடாதே. முன்னாடி இருக்கிற வளையுற பைப் கிழிஞ்சுடும். கம்பி போட்டுக் கட்டு, இல்லேன்னா ஜாக்கி கொடு. ஸ்டெப்னி அடியில தொங்குற வண்டின்னா அதையும் இறக்கிடு.

நட்டு இல்லாம வெறும் ஓட்டை மட்டும் இருக்கிற இடத்துக்குச் சுருள் நுனி வெச்ச கம்பி ஒண்ணு கூட வரும். கம்பியைச் சேசிஸ் ஓட்டை வழியா விட்டு, பெரிய வாய் வழியா வெளிய எடுத்து, முதல்ல சதுரத் தகட்டைக் கோத்து, அப்புறம் போல்ட்டைச் சுருள்ல திருகி, மெதுவா உள்ள இழுக்கணும். ஹிட்ச்சைத் தூக்கி நட்டு பிடிக்கிற வரைக்கும் கம்பியை எடுக்காதே. எடுத்தா போல்ட்டு ரெயிலுக்குள்ள விழும், காந்தத்தை விட்டுத் துழாவணும்.

ஹிட்ச் இருபது கிலோ இருக்கும். ஜாக்கி மேல பலகை வெச்சு ஏத்து. இங்க கை கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தாரு. அவர் ஒரு தினுசு. பூஜ்ஜியத்துக்குக் கீழ பத்து டிகிரி இருக்கும்போதும் கேரேஜ் ஷட்டரைத் தூக்கிட்டு, உள்ள மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரு, யார் போனாலும் நேரம் என்னன்னு கேப்பாரு. கையில வாட்ச் கட்டியிருப்பாரு. இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரென்ச் கொடுத்தாரு. கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல தேதி, மணி எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கினாரு! திருப்பிக் கொடுக்கப் போனா, ஏரி உறைஞ்சதும் மேல குடிசை வெச்சு ஓட்டை போட்டுப் பிடிச்ச பிக்கரல் மீன்னு ஃப்ரீஸர்லேருந்து ரெண்டு எடுத்துக் கொடுத்தாரு. வெள்ளைச் சதை, முள் கம்மி. புளி கரைச்சுக் குழம்பு வெச்சோம், அம்மா வெச்ச மாதிரி இல்லை, ஆனா மோசமும் இல்லை.

எல்லா போல்ட்டையும் கையால ஏத்தின பிறகுதான் ஒண்ணையாவது இறுக்கணும். பல்லு வெச்ச வாசர்ல பல்லு ஹிட்ச் பக்கம் இருக்கணும். எனக்கு வந்த தாள்ல 10.9 கிரேடு போல்ட்டுக்கு 86 பவுண்டு-அடி, அதாவது 117 நியூட்டன் மீட்டர். ஊற வெச்ச ஆயிலைத் துடைச்சிடு. ஆயில் இருந்தா ரென்ச் அதே நம்பரைத்தான் காட்டும், ஆனா போல்ட்டு அளவுக்கு மேல நீண்டுடும். ஏர் கன்னால கடைசி இறுக்கம் வேண்டாம், நம்ம பையன் டர்ருன்னு ஒரே பிடியில அடிச்சு விடுவான், அவனைத் தொட விடாதே. நூறு கிலோமீட்டர் இழுத்த பிறகு ஒரு தரம் மறுபடியும் டார்க் பார்க்கச் சொல்லு.

உருண்டைதான் முக்கியம், இதை ரெண்டு தரம் படி. இங்க 1⅞, 2, 2 5/16 இன்ச்னு மூணு சைஸ். ஐரோப்பா டிரெய்லருக்கு 50 எம்எம். 2 இன்ச்னா 50.8 எம்எம். 0.8 தானேன்னு விட்டுடாதே. 50 எம்எம் மூக்கு, அதாவது உருண்டையைக் கவ்வுற டிரெய்லர் முனை, 2 இன்ச் உருண்டை மேல முழுசா உட்காராது. 2 இன்ச் மூக்கு சின்ன உருண்டை மேல உட்கார்ந்த மாதிரியே தெரியும், லாக்கும் விழும், ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல எகிறிடும். மாட்டினதும் டிரெய்லர் மூக்கை ஜாக்கியால தூக்கிப் பாரு. வண்டியோட பின்பக்கமும் கூடவே எழுந்தா லாக் பிடிச்சிருக்கு. உருண்டைக் காம்பு ¾ இன்ச்னா நட்டுக்கு 160 பவுண்டு-அடி, 1 இன்ச்னா 250. சேஃப்டி செயின் ரெண்டையும் அடியில கத்தரி மாதிரி குறுக்கே போடணும். மூக்கு கழண்டா ரோட்டுல குத்தாம செயின் தாங்கிக்கும்.

வயரிங்ல என்னைப் பார்த்துக் காப்பி அடிக்காதே. இங்க டிரெய்லர் லைட்டுக்குத் தட்டையான நாலு பின் பிளக். வெள்ளை எர்த், பழுப்பு பார்க் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்கும் இன்டிகேட்டரும் ஒரே பல்புல வரும், அதுக்குத் தனியா கன்வெர்ட்டர் பெட்டி. அவர் டிரெய்லர்ல இன்டிகேட்டர் தனியா இருந்து ஐரோப்பா ஏழு பின் வந்திருந்தா, மஞ்சள் இடது இன்டிகேட்டர், நீலம் ஃபாக், வெள்ளை எர்த், பச்சை வலது இன்டிகேட்டர், பழுப்பு வலது பார்க், சிவப்பு பிரேக், கறுப்பு இடது பார்க். டெயில் லைட் வயரை உரிச்சு அப்படியே முறுக்கிடாதே, புது வண்டியில லைட்டை கம்ப்யூட்டர்தான் ஓட்டுது, லோடு கூடினா அதுவே போயிடும். பேட்டரியிலிருந்து பியூஸ் போட்டுத் தனி கரண்ட் எடுத்து, லைட் வயர்ல சிக்னல் மட்டும் வாங்குற பெட்டி வை. இடது இன்டிகேட்டர் போட்டா ரெண்டும் மங்கலா மினுக்குதுன்னா, நூத்துக்குத் தொண்ணூறு எர்த்துதான். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்புல மாட்டி, கிரீஸ் தடவிடு.

பாரம் ஏத்துறதை அவருக்கே சொல்லிக் கொடு. மொத்த எடையில பத்துலேருந்து பதினஞ்சு சதவீதம் உருண்டை மேல அழுத்தணும். 700 கிலோன்னா 70-லேருந்து 105. பின்னாடி பாரம் கூடினா அறுபது கிலோமீட்டர் வேகத்துலயே டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிச்சு வண்டியையும் சேர்த்து இழுக்கும். முன்னாடி கூடினா வண்டி குந்திடும், ஸ்டியரிங் லேசாயிடும். இழுக்காதப்போ உருண்டைக் கட்டையைப் பின்னோட உருவி டிக்கியில போடட்டும், இல்லேன்னா ரிவர்ஸ் சென்சார் சும்மா கத்தும், முழங்காலுக்குக் கீழ எலும்பும் பேர்ந்துடும்.

அடுத்த பாராவை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதே.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைச்சலா வரும். பாங்க்ல ஏதோ மாத்திட்டு இருக்காங்க, அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுடுவேன். சீட்டுக்காரம்மாகிட்ட நீ முதல் வாரம் மட்டும் சமாளி. வேலைக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. ராத்திரி வண்டி இன்ஜினுக்குக் கூட கரண்ட் வயரைக் குத்தி வெச்சாத்தான் காலையில ஸ்டார்ட் ஆகும், அந்த அளவு குளிர். ஆனா வீட்டுக்குள்ள பனியனோடதான் இருக்கேன்.

அல்சூர் வீட்டுக் காத்தா விஷயம், அதான் கார்ப்பரேஷன் வரிப் பதிவுல வீடு யார் பேர்லங்கிறது. இ-காத்தா இல்லாம ரெஜிஸ்டர் ஆகாதுங்கிறப்போ அப்பா பேர்லயே இன்னும் விட்டு வெச்சது நம்ம தப்புதான். அத்தை பங்கு கேக்குறாங்கன்னு கோபப்படாதே, கேட்டுட்டுப் போகட்டும், உக்காந்து பேசு. சித்தப்பாவை நடுவுல இழுக்காதே, அவர் ரெண்டு பக்கமும் தலையாட்டுவாரு. நான் பவர் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி கூரியர்ல அனுப்புறேன். உன் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் டூட்டி கட்டியாகணும், அலமாரியில வெச்சு மறந்துடாதே. அப்பா பேர் பழைய காத்தாவுல இனிஷியலோட இருக்கு, இறப்புச் சான்றிதழ்ல தாத்தா பேரை முழுசா எழுதியிருக்காங்க. எந்த மாதிரி எழுதணும்னு வக்கீலைக் கேட்டுச் சொல்லு, அதுக்கப்புறம்தான் டைப் பண்ணுவேன். தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுக்குத் தை மாசம்னு சொல்லிடு, நான் வர்ற தேதி டிக்கெட் விலை பார்த்துட்டு எழுதுறேன். அம்மா கண் ஆபரேஷனைக் கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சுடு.

உன் தம்பி

பி.கு. அவர் டிரெய்லர் மூக்குல 50-ன்னு பொறிச்சிருக்கா, 2 இன்ச்னு இருக்கான்னு பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. எழுத்து துருவுல போயிருந்தா, அவர் வெச்சிருக்கிற உருண்டையை அளந்து பாரு. வெர்னியர் அளவுகோல் அப்பா பெட்டியில பச்சைத் துணி சுத்தி இருக்கும்.