பாத்மே: தீர்ப்பு வந்த பிறகும் தீராத எல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லைத் தகராறுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, ஆப்பிரிக்காவின் போர்களுக்கு ஐரோப்பியர் போட்டுவிட்டுப் போன கோடுகளே மூலகாரணம் என்று முடித்திருந்தது. அது பாதி உண்மைதான். மறுபாதியை எத்தியோப்பியா–எரித்திரியா எல்லை தெளிவாகக் காட்டுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

1896இல் அட்வாவில் இத்தாலியப் படையை முறியடித்த எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக், பின்னர் 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளில் அதே இத்தாலியுடன் ஒப்பந்தங்கள் செய்துகொண்டு, எரித்திரியா என்னும் இத்தாலியக் காலனிக்கும் தம் நாட்டுக்குமான எல்லையை வகுத்தார். ஆகவே இந்தக் கோட்டில் எத்தியோப்பியாவின் கையெழுத்தும் இருக்கிறது. முதல் ஒப்பந்தம் மரெப், பெலெசா, முனா என்று ஆறுகளை எல்லையாகக் குறித்தது. இரண்டாவது, குனாமா மக்களின் நிலம் எரித்திரியாவோடு சேரும்படி மேற்குப் பகுதியைத் திருத்தியது. மூன்றாவதோ, கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் உள்ளே, கரைக்கு இணையாக ஒரு கோடு என்று சொல்லி முடித்துக்கொண்டது. இவற்றில் எதையும் நிலத்தில் முறையாக அளந்து எல்லைக்கல் நட்டு முடிக்கவில்லை.

அதன்பின் கல் நடும் தேவையே இல்லாமல் போயிற்று. 1952இல் ஐ.நா. முடிவின்படி எரித்திரியா எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. 1962இல் பேரரசர் ஹெய்லி செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து எரித்திரியாவை ஒரு மாகாணமாக்கினார். முப்பதாண்டு ஆயுதப் போராட்டத்துக்குப் பின் 1993இல் எரித்திரியா தனிநாடானபோது, எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவிலும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலும் ஆட்சியில் இருந்தவர்கள், எத்தியோப்பியாவின் முந்தைய இராணுவ ஆட்சி என்ற பொது எதிரியை எதிர்த்துக் கைகோத்துப் போரிட்டவர்கள். தோழர்களுக்குள் எல்லைக்கு என்ன அவசரம் என்று அதைத் தள்ளிப்போட்டார்கள். 1997இல் எரித்திரியா நாக்ஃபா என்ற தனி நாணயத்தை வெளியிட்டதும் வணிகத்தில் கசப்பு வந்தது. மறு ஆண்டு மே மாதம், பாத்மே என்ற சிற்றூரின் அருகே நடந்த துப்பாக்கிச் சூடு முழுப் போராக வெடித்தது. இரண்டே ஆண்டுகளில், பதுங்குகுழிகளில் எதிரெதிரே கிடந்து மாண்டவர்கள் 70,000 பேருக்கும் அதிகம் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது.

இனிதான் நாம் கவனிக்கவேண்டிய பகுதி வருகிறது. 2000 டிசம்பர் 12 அன்று அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் கையெழுத்தான உடன்படிக்கை, எல்லையை முடிவுசெய்ய ஐவர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் முடிவு இறுதியானது, இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது என்று இருவரும் ஒப்புக்கொண்டனர். ஐ.நா.வும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் அதற்குச் சாட்சிகளாக நின்றன. எரித்திரிய மண்ணுக்குள் 25 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பாதுகாப்பு வளையம் ஏற்படுத்தப்பட்டு, இந்தியப் படையினரும் இடம்பெற்ற ஐ.நா. அமைதிப்படை அங்கு நிறுத்தப்பட்டது.

2002 ஏப்ரல் 13 அன்று ஆணையம் தன் முடிவை அறிவித்தது. எந்த ஊருக்காகப் போர் மூண்டதோ, அந்தப் பாத்மே யாருக்கு என்பது அதன் இறுதி உத்தரவில் பெயர்சொல்லி எழுதப்படவில்லை. இரு தலைநகரங்களும் தாங்களே வென்றதாக அறிவித்துக்கொண்டன. கோட்டை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது ஊர் எரித்திரியாவின் பக்கம் விழுந்தது தெரிந்தது. எத்தியோப்பியா முடிவை ஏற்க மறுத்தது. எரித்திரியாவும் குற்றமற்றதன்று: 1998 மே மாதம் படைகொண்டு அந்த ஊரைப் பிடித்தது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயல் என்று, அதே உடன்படிக்கையின் கீழ் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2005இல் தீர்ப்பளித்தது. ஊர் எரித்திரியாவுடையது, ஆனால் அதை அது எடுத்த வழி தவறு என்ற இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்தே ஏற்றிருந்தால், இரு அரசுகளும் தம் மக்களிடம் நேர்மையாகப் பேச வழி பிறந்திருக்கும்.

சாட்சிகளாக நின்றவர்களோ கைகட்டி நின்றார்கள் என்றே சொல்வேன். ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்கு முனையில் அமெரிக்காவுக்கு எத்தியோப்பியா இன்றியமையாத கூட்டாளியாக இருந்ததால், தீர்ப்பை நிறைவேற்றும்படி அழுத்தம் கொடுக்க எவரும் துணியவில்லை. கல் நட வழியில்லாத ஆணையம் 2007 நவம்பரில் எல்லைப் புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகத் தந்துவிட்டுத் தன் பணியை முடித்துக்கொண்டது. எரித்திரியா எரிபொருளைத் தடுத்ததால் முடங்கிய அமைதிப்படை 2008இல் கலைக்கப்பட்டது.

அந்தப் 'போருமில்லை, அமைதியுமில்லை' நிலைக்கு எரித்திரிய மக்கள் கொடுத்த விலை பெரிது. சட்டப்படி 18 மாதமான கட்டாய தேசியப் பணி, எல்லையில் ஆபத்து இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வரம்பின்றி நீண்டது. 1997இல் நிறைவேறிய அரசமைப்புச் சட்டம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினர்.

2018இல் எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமது தீர்ப்பை ஏற்பதாக அறிவித்து அஸ்மாராவுக்கே சென்றார். செப்டம்பரில் சாலம்பெசா எல்லை திறந்தபோது, இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த உறவினர்கள் சாலையிலேயே கட்டித்தழுவி அழுதார்கள். ஆனால் சில மாதங்களிலேயே எல்லைச் சாவடிகள் ஒவ்வொன்றாக மீண்டும் மூடப்பட்டன. 2019இல் அபிய்க்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2020 நவம்பரில், எரித்திரிய எல்லையை ஒட்டிய வட எத்தியோப்பிய மாநிலமான டீக்ரேயின் ஆட்சியாளருக்கும் எத்தியோப்பிய அரசுக்கும் இடையே டீக்ரே போர் தொடங்கியதும் எரித்திரியப் படைகள் எத்தியோப்பியப் படைகளுடன் சேர்ந்து டீக்ரேக்குள் நுழைந்தன. அப்போரை முடித்த 2022ஆம் ஆண்டு பிரிட்டோரியா உடன்படிக்கையில் எரித்திரியா தரப்பாகவே சேர்க்கப்படவில்லை. 1998இல் துப்பாக்கி வெடித்த அதே எல்லையில் நின்றிருந்த ஒரு நாட்டை வெளியே வைத்துவிட்டு எப்படிப் பேச்சை முடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இப்போது செங்கடல் வழி வேண்டும் என்று எத்தியோப்பியா வெளிப்படையாகக் கேட்கிறது. எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தின் பெயர் மீண்டும் அடிபடுகிறது. துறைமுகத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுவதில் தவறில்லை; அதைப் படையைக் காட்டிப் பேசக்கூடாது. அல்ஜியர்ஸில் சாட்சிக் கையெழுத்திட்ட அமைப்பின் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியம், 2007இன் எல்லைப் புள்ளிகளில் கல் நடும் பணியை முதலில் தொடங்கிவைக்க வேண்டும். கோடு தங்கள் ஊர்களைப் பிளந்து செல்லும் இரோப் மக்களுக்கு, எந்தப் பக்கம் குடியுரிமை, எந்தப் பக்கம் நிலம், மேய்ச்சலுக்கு எவ்வழி என்பதைக் கல் நடுமுன்பே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். காசா, உக்ரைன் செய்திகளுக்கு இடையே இந்த எல்லைக்கும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து இடமளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்