வாய்க்கால் கரை நொச்சியை விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோழவந்தான் பக்கம் எங்கள் வயலை ஒட்டிய வாய்க்காலைப் போன மாதம் தூர் வாரினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஜேசிபி ஓட்டி வந்த தம்பிக்கு நெய்வேலி காட்டாமணக்கும் ஒன்றுதான், நொச்சியும் ஒன்றுதான், கரையில் நின்ற எல்லாவற்றையும் வேரோடு வழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். காட்டாமணக்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஒடித்த தண்டு ஈரத்தில் கிடந்தாலே துளிர்த்துத் தண்ணீரை மறிக்கும், அது போகட்டும். நொச்சி நம் மண்ணின் செடி. வெள்ளம் வந்து போகிற கரையில் மண்ணைப் பிடித்து நிற்கும். ஊதாப் பூ, ஐந்து விரல் விரித்த மாதிரி இலை, அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும், கசக்கினால் வாசம் மூக்கில் ஏறும். சளிக்கு ஆவி பிடிக்க, நெல்லில் பூச்சி அண்டாமல் போட, சாயங்காலம் தொழுவத்தில் கொசுவுக்குப் புகை போட என்று எங்கள் அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். (அந்தக் காலத்தில் கோட்டையைக் காத்தவர்கள் சூடிய பூ, கரையைக் காக்காதா?) சரி, போனது போகட்டும். இந்த மழைக்கே கரை இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. அடுத்த முறை வண்டியை இறக்கும் முன் ஊர்க்காரர் ஒருவரைக் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். நொச்சிக் குச்சியை ஒடித்து நட்டாலே வரும். எங்கள் கிணற்று மேட்டில் இருக்கிறது, பத்துக் கட்டு நானே தருகிறேன்.

ஒரு விவசாயி, சோழவந்தான்