எட்டாவது டிராக் காலியாகவே இருக்கிறது: தமிழ்த் திரையுலகுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் திரையரங்க உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

திருச்சிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. சினிமாப் பைத்தியம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், பள்ளிக்குப் புதிதாக மாறுதலாகி வருகிறவர்கள் கொஞ்சம் திணறுவார்கள். "நீங்க எப்படி டீச்சர் படம் பார்ப்பீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். காதால்தான், வேறு எப்படி? உங்கள் அப்பா அம்மா காலத்தில் பாதித் தமிழ்நாடு அப்படித்தானே பார்த்தது! வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்ட வீடுகள் எத்தனை. கல்யாணப் பந்தலில் குழாய் கட்டினால் 'திருவிளையாடல்' தருமி புலம்பாமல் சாப்பாடு இறங்காது. 1984-இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்றக் காட்சியைக் கொட்டகைக்கே போகாமல் டீக்கடை டேப் ரெக்கார்டரிலேயே மனப்பாடம் செய்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்தப் படங்களில் எங்களுக்கும் கண்ணுள்ளவர்களுக்கும் பெரிய இடைவெளி இல்லை. கதை முழுக்க வசனத்தில் இருந்தது.

அப்புறம் சினிமா மாறியது. மகேந்திரனும் பாலு மகேந்திராவும் வந்து, பேச வேண்டாம், காட்டினால் போதும் என்றார்கள். சினிமாவுக்கு அது பெரிய வரவு என்று தமிழ் படித்தவள் என்ற முறையில் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'உதிரிப்பூக்கள்' மாதிரி ஒரு படத்தில் மௌனமாக நடப்பதெல்லாம் எனக்கு வெறும் மௌனம்தான். 1987-இல் வந்த 'பேசும் படம்' படத்தில் வசனமே கிடையாது. என் தலைமுறைப் பார்வையற்றவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு பெருமூச்சு வரும். இன்றைக்குப் பெரிய படங்களில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இசை முழங்குகிறது, எதுவோ உடைகிறது, யாரோ விழுகிறார்கள், அரங்கமே விசிலடிக்கிறது. விழுந்தது யார்?

பதில் பக்கத்து இருக்கையிலிருந்து வர வேண்டும். எனக்கு என் மகள் சொல்வாள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். காதோடு காதாக, "அம்மா, அவன் கத்திய எடுத்துட்டான்… இல்ல இல்ல, கீழ போட்டுட்டான்" என்பாள். சுவாரசியமான இடம் வந்தால் அவளே வாயைப் பிளந்து பார்ப்பாள், எனக்குச் சொல்ல மறந்துவிடுவாள். குழந்தைதானே. போன தீபாவளிக்குப் போனபோது பின் வரிசையிலிருந்து ஒருவர், "படம் பாக்க விடுங்கம்மா, வீட்ல போய்க் கதை சொல்லிக்கோங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். என் மகள் அதற்கப்புறம் இடைவேளை வரை வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது. ஒரு பிள்ளை தன் படத்தைத் தானே பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கண்ணாக இருக்கும் வேலையை மூன்று மணி நேரம் அதன் தலையில் கட்டக் கூடாது.

இதற்கான வழி புதிதும் இல்லை, அரிதும் இல்லை. ஒலி விவரிப்பு என்கிறார்கள். வசனம் இல்லாத இடைவெளிகளில், திரையில் என்ன நடக்கிறது என்று ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும். அது காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் மட்டும் கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை. டெல்லியில் சக்ஷம் என்ற அறக்கட்டளை இந்திப் படங்களுக்குப் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறது. எக்ஸ்எல் சினிமா போன்ற செயலிகள் இருக்கின்றன. வீட்டிலேயே கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டு போனால், படம் தொடங்கியதும் போனின் மைக் அரங்கத்தின் ஒலியைக் கேட்டு, எந்த இடம் ஓடுகிறது என்று தானே கண்டுபிடித்து விவரிப்பைப் பொருத்திக்கொள்கிறது. செயலியே இல்லாமலும் செய்யலாம். நீங்கள் திரையரங்குக்கு அனுப்பும் டிஜிட்டல் படப் பொதியில் 5.1 என்கிற சுற்றொலி முதல் ஆறு டிராக்குகளில், அதாவது ஒலித் தடங்களில், போய்விடும். ஏழாவது செவித்திறன் குறைந்தவர்களுக்கான தெளிவான ஒலிக்கு, எட்டாவது பார்வையற்றவர்களுக்கான விவரிப்புக்கு என்று உலகம் முழுக்க வகுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் படங்களில் அந்த எட்டாவது டிராக் அநேகமாகக் காலியாகவே ஊர் ஊராகப் போய் வருகிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு ஒலி விவரிப்பு, சைகை மொழி, வசன வரிகள் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2023 ஜனவரியில் 'பதான்' இந்திப் படம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பு டெல்லி உயர் நீதிமன்றம், ஓடிடியில் வருவதற்குள் இந்தியில் ஒலி விவரிப்பும் வசன வரிகளும் தயாரிக்கச் சொன்னது. தேதி நெருங்கிவிட்டதால் திரையரங்க வெளியீட்டை மட்டும் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு 2024 மார்ச் 15 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் வாங்கும் படங்களுக்கு இந்த வசதிகளைச் செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தது. போஸ்டரில் 'பான் இந்தியா' என்று போட்டுக்கொள்கிறீர்களே, அந்தப் படங்கள்தான். தேசிய விருதுக்கோ கோவா திரைப்பட விழாவுக்கோ அனுப்பும் படங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

ஆகவே 'செய்யுங்கள்' என்று கெஞ்ச நான் இந்த மடலை எழுதவில்லை. அதை நீதிமன்றமும் அமைச்சகமும் பார்த்துக்கொள்ளும். என் கவலை வேறு. சட்டத்துக்குப் பயந்து செய்யும்போது ஒரு காரியம் எப்படி நடக்கும் என்று அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோப்பு தயாராகும். அது உரிய மேசைக்குப் போகும், முத்திரை விழும், அத்துடன் முடிந்தது. அந்தக் கோப்பை யாராவது கேட்டார்களா, கேட்டது புரிந்ததா என்பதை ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள்.

ஒலி விவரிப்பு எழுதுவது ஒரு கலை. அதை உங்கள் படத்தின் எழுத்துக் குழுவில் ஒருவர்தான் எழுத வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன், எந்தப் படத்திலும் வராத காட்சி. வெளிநாட்டிலிருந்து மகன் வீட்டுக்கு வருகிறான். கதவு திறக்கிறது. வசனம் இல்லை, ஐந்து நொடி அமைதி, அப்புறம் அவன் விம்முகிறான். சும்மா விட்டால் எனக்கு ஒன்றும் புரியாது. மோசமாக விவரித்தால், "அப்பா இறந்துவிட்டதை அறிந்து கதாநாயகன் சோகமடைகிறான்" என்று வரும். இது விவரிப்பு இல்லை, நோட்ஸ். எழுதத் தெரிந்தவர் எழுதினால் இப்படி இருக்கும்: "கூடம். சுவரில் அப்பாவின் படம். புது மாலை. அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை." அந்த ஐந்து நொடிக்குள் அடங்கிவிடும். அப்பா போய்விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களோடு சேர்ந்து, உங்களுக்குத் தெரிந்த அதே நொடியில், நானே தெரிந்துகொள்கிறேன். எனக்கு வேண்டியது இதுதான். கதையைச் சொல்லிவிடாதீர்கள், கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நகைச்சுவை இன்னும் கஷ்டம். நாகேஷ் ஆனாலும் வடிவேலு ஆனாலும் பாதிச் சிரிப்பு முகத்திலும் உடம்பிலும்தான் இருக்கிறது. அரங்கம் சிரித்து முடித்த பிறகு விளக்கம் கேட்டுச் சிரிப்பது மாதிரிக் கொடுமை வேறில்லை. விவரிப்பு ஒரு நொடி முந்தினால் நகைச்சுவை செத்தது, ஒரு நொடி பிந்தினாலும் செத்தது. இந்த நேரக் கணக்கு எடிட்டருக்கும் இயக்குநருக்கும்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், படம் முடிந்து எல்லாரும் கையைக் கழுவிய பிறகு எங்கோ ஓர் ஊரில், ஆங்கிலத்தில் எழுதி, அதைத் தமிழில் பெயர்த்து, உயிரில்லாத இயந்திரக் குரலில் படிக்க வைக்காதீர்கள். படத்தின் ஒலிகளையெல்லாம் கடைசியாகக் கலக்கும் ஃபைனல் மிக்சிங் நடக்கும்போதே இதையும் முடித்துவிடுங்கள்.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் டப்பிங் கலைஞர்கள் எத்தனை பேர்! ஊரில் பாதி நடிகைகளுக்குக் குரலே அவர்கள்தானே. கண்ணால் பார்த்ததைக் காதுக்குச் சொல்வதும் நமக்குப் புதிது இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லாமல் ராஜா மேடைக்கு வருவதே இல்லை, யார் வருகிறார், என்ன கோலத்தில் வருகிறார் என்று அவன் வாயால் கேட்டுத்தான் ஊர் தெரிந்துகொள்ளும். சேப்பாக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தை அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் ராமமூர்த்தியும் வானொலியில் வர்ணித்தபோது, ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று எங்கள் விடுதி முழுக்கத் தெரியும். அங்கே கண்ணுள்ளவர் வார்டன் ஒருவர்தான், அவரும் எங்களோடு உட்கார்ந்து அதே ரேடியோவைத்தான் கேட்டார்.

திரையரங்க உரிமையாளர்களுக்குத் தனியாகக் கொஞ்சம். டிக்கெட் எடுப்பதிலிருந்தே எங்களுக்குத் தகராறுதான். முன்பதிவுச் செயலி ஒன்றில் இருக்கை வரைபடத்தைத் தொட்டால் என் போனின் குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று வாசிக்கிறது. எது எந்த வரிசை, எது காலி என்று தெரியாது. கடைசியில் யாரையாவது கூப்பிட வேண்டும். சரி, அதைச் செயலிக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வந்த பிறகு நடப்பது உங்கள் கணக்கு. இயர்போனை மாட்டி, போனை மடியில் வைத்து, திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஊழியர் ஒருவர் டார்ச் அடித்து, "போன உள்ள வைங்க மேடம், ரெக்கார்டிங் பண்ணக் கூடாது" என்றார். திருட்டு வீடியோ பயம் உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும், அவரையும் குறை சொல்லவில்லை. ஒலி விவரிப்பு என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேலாளரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஊழியர்களை உட்கார வைத்து அரை மணி நேரம் விளக்கினால் தீர்கிற விஷயம் இது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு முதல் வரிசை மட்டும் என்று வைத்திருக்கிறீர்களே, அதையும் அப்படியே யோசியுங்கள். கழுத்து அவர்களுக்கும் வலிக்கும்.

காது கேளாத நண்பர்கள் சார்பிலும் ஒரு வரி. தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடுகிறீர்கள், சந்தோஷம். தமிழ் மட்டும் படித்த, காது கேளாத ஒருவர் அதை வைத்து என்ன செய்வார்? அவருக்குத் தமிழ் வரிகள் வேண்டும். வசனம் மட்டும் போதாது, "கதவு தட்டும் சத்தம்", "தூரத்தில் பறை" என்பதும் வர வேண்டும்.

செலவைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர், அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 1.27 லட்சம். எங்களில் ஒருவர் படத்துக்கு வந்தால் தனியாக வருவதில்லை, வீட்டோடு வருகிறோம். எங்களுக்குப் புரியாது என்பதற்காகவே படத்துக்குப் போகாமல் இருக்கும் வீடுகளும் உண்டு.

இனி நான் கேட்பது. அடுத்த படத்துக்கு விவரிப்பு தயாரானால், எந்தச் செயலியில் கிடைக்கும், எந்தெந்தத் திரையரங்கில் வேலை செய்யும் என்பதை டிரெய்லரிலேயே வாயால் சொல்லுங்கள், போஸ்டரில் அச்சிட்டால் எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் முதல் காட்சிக்கே அது இருக்க வேண்டும். மூன்றாவது வாரம் வந்தால், ஆசிரியர் அறையில் எல்லாரும் முடிவைச் சொல்லித் தீர்த்திருப்பார்கள். வெளியிடும் முன் பார்வையற்றவர்கள் நாலைந்து பேரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே புரியவில்லை, எங்கே அதிகமாகப் பேசுகிறது என்று அவர்கள் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். அந்த வேலைக்கு அவர்களுக்குச் சம்பளமும் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் மாவட்டத்திலேயே பார்வையற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மிக்சிங் தேதி முடிவானால் சொல்லி அனுப்புங்கள். சனி, ஞாயிறாக இருந்தால் லீவு எடுக்க வேண்டியதில்லை, வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு சினிமா ரசிகை,
திருச்சி