கந்தையாவை ஆர் கூப்பிட்டது?

முள்ளியவளை,
வைகாசி கடைசி

அன்பு ஓணான்,

உன்ர கடிதம் வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் நாள் கிடைச்சுது. இஞ்ச எல்லாரும் சுகம். தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணி சிறுபோகத்துக்குக் காணும் எண்டு கதைக்கினம். என்ர முழங்கால் மட்டும் சொல்வழி கேக்குதில்லை.

உங்கட நோர்வே ஆஸ்பத்திரியில, உன்ர பேருக்குப் பின்னால குடும்பப்பேராக் கிடக்கிற கொப்பரின்ர பேரைச் சொல்லித் தாதி "கந்தையா, கந்தையா" எண்டு கூப்பிட, நீ கொப்பர்தான் வந்திட்டாரோ எண்டு திரும்பிப் பார்த்த கதையை வாசிச்சு மனிசி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் முதல் சிரிப்புத்தான், பிறகு ஒரு மாதிரியாப் போச்சு. கொப்பரை இஞ்ச ஒருத்தரும் மொட்டையாக் கந்தையா எண்டதில்லையே. ஊருக்குக் கந்தையர், எங்களுக்குப் பெரியய்யா, கொம்மாவுக்கு 'இஞ்சருங்கோ'. அந்த 'ர்'ரைக் கட்டுநாயக்காவில விட்டிட்டு பிளேன் ஏறியிருக்கிறாய்.

இந்தமுறை பொங்கலில நாலு வயசுப் பொடியன் ஒருத்தன் சனத்துக்குள்ள தவறிப்போனான். தொண்டர் ஒராள் பிடிச்சுவைச்சு விசாரிக்கிறார். "உங்கட பேர் என்ன?" "தம்பி." "அப்பான்ர பேர்?" "அப்பா." "அம்மா அப்பாவை என்னெண்டு கூப்பிடுறவ?" "இஞ்சருங்கோ." வேற வழியில்லாமல் அதையே ஒலிபெருக்கியில சொல்லிச்சினம். தகப்பன் ஓடிவந்தார், அவரோட இன்னும் நாலு தகப்பன்மாரும் ஓடிவந்தினம்.

நான் சிரிக்கக்கூடாது. என்ர ஐயாவும் அப்பிடித் தவறின பிள்ளைதான். பிறப்புப் பதிவில அவர் கனகசபை. வீட்டில கடைக்குட்டி எண்டதால சின்னத்தம்பி. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராப் போச்சு. மூத்ததம்பி, இளையதம்பி, தம்பையா, தங்கச்சியம்மா எல்லாம் இப்பிடி முறை சொல்லிக் கூப்பிட்டு இறுகின பேர்தானே. அரசாங்கம் காணி குடுக்க நடத்தின காணிக் கச்சேரியில கிளாக்கர் பேர் கேக்க, பக்கத்தில நிண்ட சனமே முந்திக்கொண்டு "சின்னத்தம்பி" எண்டு சொல்லிப்போட்டுது. 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின் கீழ் குடுத்த பெர்மிட்டில அப்பிடியே ஏறிட்டுது. அவர் கனகசபை எண்டதை ஊரில கனபேர் செத்தவீட்டு நோட்டீசிலதான் அறிஞ்சது.

இப்ப அந்தக் காணியை என்ர பேருக்கு மாத்தப்போனால், கனகசபையின்ர மகனுக்குச் சின்னத்தம்பியின்ர காணியில என்ன உரித்து எண்டு கேக்கினம். கேக்கிற பிள்ளையில பிழையில்லை, கடதாசி அப்பிடித்தான் சொல்லுது. எனக்கு முன்னெழுத்து 'க'. அக்காவைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கேக்க 'சி' எண்டு எழுதிவிட்டிட்டினம். கடதாசிப்படி பார்த்தால் நானும் அக்காவும் ஒரு தாய்க்கு இரண்டு தகப்பன்மாரிட்டப் பிறந்தனாங்கள்! பழைய பத்திரங்கள் 2009இல ஓடின ஓட்டத்தில போட்டுது. ஜேபியிட்ட, அதுதான் சமாதான நீதவானிட்ட, சத்தியக்கடதாசி முடிச்சு, கிராம விதானையாரிட்டையும் கடிதம் வாங்கிக் குடுத்திருக்கிறன்: இரண்டு பேரும் ஒரே ஆள் எண்டு. ஐயா இருந்திருந்தால் அதில கையெழுத்து வைக்கவே அவருக்கு இரண்டு கை வேணும்.

சரி, உன்ர விசயத்துக்கு வாறன். புதுப் பேத்திக்குக் கந்தையா எண்டு குடும்பப்பேர் வைக்கிறதோ எண்டு மருமகள் முகத்தை நீட்டுறா எண்டு எழுதியிருந்தாய். பொம்பிளைப் பிள்ளைக்கு ஆம்பிளைப் பேராம். ஹான்சன் எண்டால் ஹான்ஸின்ர மகன் எண்டுதானே அர்த்தம்? உங்கட நோர்வேயில எத்தினை பொம்பிளையள் ஹான்சன் எண்டு திரியினம், ஒருத்தரும் அவையிட்ட மீசை தேடுறதில்லை. அந்தச் சனமும் ஒருகாலம் எங்களை மாதிரித்தான், தகப்பன் பேரும் இருக்கிற பண்ணையின்ர பேரும்தான். 1923இல சட்டம் போட்டுத்தான் எல்லாரும் நிரந்தரமா ஒரு குடும்பப்பேரை வைச்சிருக்கவேணும் எண்டு ஆக்கினவை. ஐஸ்லாந்துக்காரர் இன்னும் மசியேல்லை. 1980இல அங்க ஜனாதிபதியா வந்த அம்மாவைச் சனம் விக்டிஸ் எண்டுதான் சொல்லும். பின்னால வாற ஃபின்போகாடோட்டிர், ஃபின்போகியின்ர மகள் எண்டது மட்டுந்தான். டெலிபோன் புத்தகம் அடிச்ச காலத்தில அதிலயும் சொந்தப் பேரின்ர வரிசைதானாம்.

எனக்குப் பிடிச்சது பர்மாக்காரரின்ர முறை. 1961இல இருந்து பத்து வருசம் ஐ.நா. செயலாளர் நாயகமா இருந்த ஊ தாண்ட்டுக்குப் பேர் வெறும் தாண்ட். 'ஊ' எண்டால் மாமா மாதிரி ஒரு மரியாதைச் சொல். உலகம் முழுக்க அந்த மனிசனை மாமா எண்டு கூப்பிட்டிருக்கு, தெரியாமலே! கொப்பருக்கு அப்பிடி ஒரு 'ர்' போட்டு எழுத உங்கட பேர்ப்பதிவுப் பாரத்தில இடமிருக்கோ எண்டு மகனை ஒருக்காக் கேட்டுப்பார். இல்லையெண்டால் கந்தையா எண்டே இருக்கட்டும். வவுனியாவுக்கு அங்கால போகாத மனிசன், பேர்கன் பள்ளிக்கூட இடாப்பில இருக்கட்டன். ஆனால் அந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ள ஒருநாளும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதையுங்கோ. பிள்ளை, குஞ்சு, ஆச்சி எண்டு ஏதாவது சொல்லுங்கோ.

பேரன் உன்னை நோர்வே பாசையில 'டூ', அதாவது 'நீ', எண்டு சொல்லுறதுக்குக் கவலைப்படாதை. அங்க ரீச்சரும் 'டூ'தானே. எங்கட 'நீ, நீர், நீங்கள்' மூண்டுக்கும் அவன் எங்க போவான்?

காணி அலுவல் அடுத்த செவ்வாய். போட்டுவந்து எழுதுறன். நீ சொன்னமாதிரிக் கவரில கொப்பரின்ர பேரைக் கடைசியில எழுதியிருக்கிறன். ஓணான் எண்டு எழுதினால் உங்கட தபால்காரன் எங்க கொண்டுபோய்ப் போடுறது?

இப்படிக்கு,
கட்டையன்